மணி அடித்தால் நீல விரிப்பு

பகலில் தூங்குகிறவளுக்கு எதிரி என்று தனியாக யாரும் வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழாய் போதும், எதிர் வீட்டுத் தொலைக்காட்சி போதும். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். காலையில் வீடு திரும்பி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் மதியம் வரைக்கும் உலகம் என்னைச் சும்மா விட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். உலகம் என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? அது என் தலைக்கு நேர் மேலே ஒரு குருவியைக் கொண்டுவந்து வைத்தது.

நிஜக் குருவி இல்லை. மேல் வீட்டு அழைப்பு மணி. பொத்தானை அமுக்கினால் குருவி மாதிரி கீச்சுக் கீச்சென்று கத்தும் பழைய ரகம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாடிப்படி கிணறு மாதிரி; மேலே கரண்டி விழுந்தால் கீழே வரை கேட்கும். அந்த மணி வருஷக்கணக்கில் அநேகமாக வாயைத் திறக்காமல் கிடந்தது. திடீரென்று ஒரு வாரமாக ஓயாத கீச்சு. கீச்சிட்டதும் நாய் குரைக்கும், கதவு திறக்கும், கதவு மூடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஈ காக்கை எட்டிப் பார்க்காத வீடு. அங்கே இருப்பவர் பல்செட் செய்கிறவர். கட்டடத்தில் அவருக்குப் பேரே பல்செட்தான். காலையில் பல் கட்டும் பட்டறைக்குப் போய்ப் பையில் வேலையை வாங்கி வருவார், நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து செய்வார், மாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார். படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நமக்கு வழி விடுவார். சாமான் கொண்டுவருகிறவர்கள்கூட மாடி ஏறுவதில்லை, கீழே காவலாளியிடம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட மனுஷனுக்கு அப்படி என்ன விருந்தாளிகள், அதுவும் என் தூக்க நேரம் பார்த்து?

ஒருநாள் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறினேன்.

மேலே அவர் மட்டும் நின்றிருந்தார். வெறும் காலோடு, தன் வீட்டுக் கதவுக்கு வெளியே, தன் வீட்டு மணியைத் தானே அடித்துக்கொண்டு.

"என்ன சார், சாவியத் தொலைச்சிட்டீங்களா?" என்றேன். சண்டைக்கு என்று வைத்திருந்த குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"இல்ல சிஸ்டர், சாவி இருக்கு." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப உள்ள யாரு இருக்காங்க?"

"மெழுகு இருக்கு."

"மெழுகா?"

"நாய் சிஸ்டர். அதோட பேரு."

"நாய் வந்து கதவத் திறக்குமா?"

"திறக்காது. வரவே கூடாது. மணி அடிச்சா குரைக்காம போயி அதோட விரிப்புல உக்காரணும். அதத்தான் பழக்கிட்டு இருக்கேன்." பிறகு ரொம்பத் தயக்கத்தோடு, "உங்க தூக்கத்தக் கெடுத்துட்டேனா?" என்றார்.

கெடுத்தீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது. "மணி அடிக்க வேற ஆளு இல்லையா சார்?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊருக்கெல்லாம் பல் செய்கிறவருக்குச் சொந்தப் பல் வரிசை கோணல்மாணல். "நாய் டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்க. வீட்டுல யாரையாவது வெளிய நிக்க வச்சு அடிக்கச் சொல்லுங்கன்னாங்க. நானும் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"வேணும்னா நான் அடிக்கறேன் சார், மத்தியானத்துக்கு மேல."

"ஐயையோ, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம். நான் பாத்துக்கறேன்."

மனுஷன் யாருக்கும் சிரமம் கொடுக்காமலே காலத்தை ஓட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். கடைசியில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகுதான் குருவி கத்தலாம் என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஆயிற்று. அதற்கு நன்றி சொல்லும் விதமாக, விடுப்பு நாளில் ஒரு காபி குடிக்கக் கூப்பிட்டார். அப்புறம் என் விடுப்பு நாட்களில் அது வழக்கமாகிவிட்டது. இந்தக் கதை முழுக்க அந்தக் காபிகளில் சேர்ந்ததுதான்.

அவர் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜை நிறைய வாய்கள். பல் டாக்டர்கள் அச்செடுத்து, அதில் வெள்ளை மாவு வார்த்து எடுத்த பொக்கைத் தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண் மட்டும் இருக்கும். சின்ன விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி, ரோஸ் நிற மெழுகில் பல் பல்லாகப் பதிப்பார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கவ்வுகிறதா என்று கீல் வைத்த சட்டத்தில் மாட்டித் திறந்து மூடிப் பார்ப்பார். ஆள் யார், ஆணா பெண்ணா, கோபக்காரரா, எதுவும் தெரியாது. பட்டறையிலிருந்து எண் வரும், எண் போகும்.

"ஊர்ல பாதிப் பேரு உங்க கையாலதான் சிரிக்கறாங்க சார்," என்று ஒருமுறை சொல்லிவைத்தேன்.

"அப்படித்தான் இருக்கும்," என்றார். "ஆனா எங்கிட்ட யாரும் வந்து சிரிச்சதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்கிற மாதிரி சொன்னார்.

மெழுகு அந்த மேஜைக்கு அடியில்தான் படுத்திருக்கும். பெண் நாய். வெளிறிய மஞ்சள், ஒரு காது மட்டும் மடிந்தே இருக்கும். மனைவி இறந்த வருஷம், பட்டறை வாசலில் குட்டியாக நடுங்கிக்கொண்டு நின்றதைத் தூக்கி வந்தாராம். மனைவி இருந்த காலத்தில் அந்த மணிக்கு ஓய்வே இல்லையாம். அவளோடு வேலை பார்த்தவர்கள், அவளோடு படித்தவர்கள், அவளிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். "எங்க வீட்டுக்கு நெறைய ஆள் வருவாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன் சிஸ்டர். அவ போனதுக்கப்புறந்தான் தெரிஞ்சது, வந்தவங்க எல்லாரும் அவளப் பாக்க வந்தவங்க." காரியம் முடிந்ததும் மணி மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. அதனால் மெழுகு வளர்ந்த வீட்டில் மணிச் சத்தம் என்பது எப்போதாவது இடி விழுகிற மாதிரி. விழுந்தால் அது கதவைப் பிய்த்துவிடும்.

அப்படித்தான் வெளியூரில் இருக்கும் மகள் வந்த நாளில் நடந்தது. ஒரே மகள். ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் வாய் ஓயாமல் பேசத் தொடங்கியிருந்த வயசு. பாப்பா எம்பி எம்பித் தானே மணியை அடித்திருக்கிறாள். இவர் கதவைத் திறந்ததும் மெழுகு இவர் காலுக்கிடையில் புகுந்து குரைத்துக்கொண்டே பாய்ந்துவிட்டது. கடிக்கவில்லை, நக்கத்தான் போயிற்று. குழந்தைக்கு அது தெரியுமா? பின்னால் சாய்ந்து படியில் விழுந்து நெற்றி வீங்கிவிட்டது. நாயைக் குளியலறையில் அடைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்க, மகள் கிளம்பிவிட்டாள்.

"நாய் இப்படி இருக்கற வரைக்கும் பாப்பாவக் கூட்டிட்டு வர முடியாதுப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாளாம். யாராவது ஒருத்தரைத் தேர்ந்தெடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்குள் மூச்சு விடுகிற இன்னொரு ஜீவன் அது ஒன்றுதான். அதையும் விட முடியாது, பேத்தியையும் விட முடியாது. ஆகவே நாய் டாக்டரம்மாவிடம் போய் நின்றிருக்கிறார்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. கையை ஓங்காதீங்க, கத்தாதீங்க, நாய் தப்புப் பண்ணும்போது பிடிக்காதீங்க, சரியா பண்ணும்போது பிடிங்க என்று சொல்லியிருக்கிறார். வேண்டியதைச் செய்த அந்த நொடியில் ஒரே மாதிரி ஒரு வார்த்தை, உடனே வாய்க்கு ஒரு துணுக்கு. இவர் 'சபாஷ்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நீல விரிப்பு ஒன்றை முன்னறை மூலையில் போட்டார். மெழுகு விரிப்பைப் பார்த்தால் சபாஷ். ஒரு கால் வைத்தால் சபாஷ். நாலு காலும் வைத்தால் சபாஷ். உட்கார்ந்தால் இரண்டு துணுக்கு. பிஸ்கட்டை நகக்கண் அளவுக்கு நறுக்குவதற்குப் பல் வேலைக் கத்தியே உதவியது. வேக வைத்த கேரட்டும் அப்படித்தான், எல்லாம் ஒரே அளவு, பதிக்கப்போகிற பல் மாதிரி. பழக்கம் எவ்வளவு முற்றிவிட்டது என்றால், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெண் அச்சுப் பெட்டியை நேராக அடுக்கியதைப் பார்த்து இவர் 'சபாஷ்' என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டாராம். அந்தப் பெண் ஒரு வாரம் இவர் பக்கம் திரும்பவில்லை.

நாய்க்கு மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டும், சும்மா இருக்கிற மூளைதான் கதவைப் பிறாண்டும் என்பது டாக்டரம்மாவின் இன்னொரு பாடம். சும்மா இருக்கிற மூளை பற்றி இவருக்குத் தெரியாதா? அதையும் கண்ணும் கருத்துமாகப் பிடித்துக்கொண்டார். மெழுகுக்குத் தட்டில் சோறு போடுவதையே நிறுத்திவிட்டார். மனைவியின் பழைய துண்டுகளை விரித்து, நடுவில் தீனியைத் தூவிச் சுருட்டி வைப்பார். அது மூக்கால் உருட்டி உருட்டிப் பிரித்துத் தின்னும். முட்டை அட்டையின் குழிகளில் தீனியைப் போட்டுக் காகிதப் பந்தால் மூடுவார். கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் ஒளித்து, இடம் மாற்றி வைத்து 'தேடு' என்பார். மெழுகு ஒவ்வொரு கிண்ணமாக மோந்து, சரியான கிண்ணத்தின் மேல் காலை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். வார்டில் ஊசி போட்டு முடித்ததும் சில குழந்தைகள், நான் அழவே இல்லை பார்த்தாயா என்கிற மாதிரி பார்க்குமே, அது.

கண்ணாமூச்சிகூட உண்டு. 'இரு' என்று சொல்லிவிட்டு இவர் போய் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அறுபதை நெருங்குகிற ஆள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டு மூலையில். "நம்மளக் காணோம்னு யாராவது தேடறது நல்லா இருக்கு சிஸ்டர்," என்றார் ஒருநாள், கேரட் நறுக்கிக்கொண்டே. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

விளையாட்டெல்லாம் சரியாகப் போயிற்று. மணிதான் தகராறு. மெழுகு என்ன முட்டாளா? இவர் செருப்பில்லாமல் வெளியே போவதும், உடனே மணி அடிப்பதும், இவரே திரும்பி வருவதும் அதற்கு மனப்பாடமாகிவிட்டது. இவர் அடித்தால் சமர்த்தாக விரிப்பில் உட்காரும். ஒருநாள் காவலாளி தண்ணீர்க் கணக்குக்கு வந்து அடித்தபோது பழையபடி கதவைப் பிய்த்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர், "அது மணியப் பாக்கலீங்க, உங்களப் பாக்குது," என்றிருக்கிறார். "மணி வரப்போவுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சாலே உங்க தோள் சொல்லிடும். உங்களுக்கே தெரியாத நேரத்துல அடிக்கணும். மணிச் சத்தம்னா அது ஒரு விஷயமே இல்லைன்னு ஆகணும்."

தனக்கே தெரியாத நேரத்தில் தன் வீட்டு மணி அடிக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் அதற்கு என்ன வழி? இவர் கண்டுபிடித்துவிட்டார். குருவிச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்தார். அதையே அலார ஒலியாக வைத்து, மதியத்திலிருந்து மாலை வரை தாறுமாறாக நிறைய அலாரம் வைத்தார். வைத்த நேரங்களை வேண்டுமென்றே மறந்தார். தினமும் மாற்றினார். கைபேசியைக் கதவோரம் செருப்பு அலமாரி மேல், ஒரு சின்ன ஸ்பீக்கரோடு சேர்த்து வைத்தார். நடுவில் அழைப்பு வந்தால் நாய் குழம்புமே என்று அழைப்பு ஒலியை மட்டும் நிறுத்திவைத்தார். அவருக்கு அழைப்பு என்று வருவது மகளிடமிருந்து ஞாயிறு காலை ஒன்றுதான், ஆகையால் அதில் நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த மாதங்களில் நான் கண்டது ஒரு அதிசயம். காபி குடித்துக்கொண்டிருப்போம். கதவோரம் குருவி கத்தும். மெழுகு எழுந்து, சோம்பல் முறித்து, நீல விரிப்பில் போய் உட்காரும். இவர் தலையை நிமிர்த்தாமல், ரோஸ் மெழுகில் பல்லைப் பதித்துக்கொண்டே, 'சபாஷ்' என்று ஒரு துணுக்கை வீசுவார். அது காற்றிலேயே கவ்விக்கொள்ளும். குரைப்பு இல்லை, பரபரப்பு இல்லை. முதலில் இரண்டொரு தடவை நான்தான் எழுந்து கதவைத் திறக்கப் போய் அசடு வழிந்தேன். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது.

அதை வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். மகள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். அந்த ஞாயிறு, "நல்லா பழகிடுச்சே. பாக்கலாம்ப்பா, லீவு கெடைக்கட்டும்," என்றாளாம். அந்தப் 'பாக்கலாம்ப்பா'வை அவர் எனக்கு அப்படியே, அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். பேத்திக்கு என்று ஒரு சின்ன நாற்காலி வாங்கிப் போட்டார். அதன் மேலும் வேலைத் தூசு படியும், தினமும் துடைப்பார்.

அது நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் எழுந்து பல் தேய்த்து, சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மேலே குருவி கத்தியது. கொஞ்சம் விட்டு மறுபடி. மறுபடியும். இன்றைக்குப் பயிற்சி பலம்தான் என்று நினைத்துக்கொண்டு காலர் மடிப்பைத் தேய்த்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பல்செட். அவர் என் வீட்டு மணியை அடித்தது அதுவரை கிடையாது. கையில் ஒரு காகிதப் பை. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. எனக்குத் தொழில் புத்தி. முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எம் பொண்ணு வந்துட்டுப் போயிட்டா சிஸ்டர்."

"எப்ப?"

"மத்தியானம். மாப்பிள்ளைக்கு இங்க ஒரு வேலையாம், கூடவே வந்துருக்கா. சொல்லாம வந்து நிக்கலாம்னு பாப்பாவையும் கூட்டிட்டு வந்துருக்கா."

"நீங்க வீட்டுல இல்லையா?"

"இருந்தேன்," என்றார். "மணி கேட்டுச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இஸ்திரிப் பெட்டியும் நானும் கேட்ட அந்தக் கீச்சுகள்.

அவர் நின்றபடியே சொன்னார். முதல் மணிக்கு மெழுகு விரிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சும்மா உட்காரவில்லை. உடம்பு முழுக்க நடுக்கம், வால் தரையைத் தட்டுகிறது, கதவைப் பார்க்கிறது, இவரைப் பார்க்கிறது, தொண்டைக்குள் முனகுகிறது. இவர் பல்லைப் பதித்துக்கொண்டே மெதுவாக 'இரு' என்றிருக்கிறார். இரண்டாவது மணி. அலாரத்தைத் தாறுமாறாக வைத்ததில் பக்கத்துப் பக்கத்தில் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாராம். மெழுகு பாதி எழுந்துவிட்டது. 'இரு' என்றதும் மறுபடி உட்கார்ந்தது. மூன்றாவது மணிக்கும் இடத்தை விட்டு அசையவில்லை.

"இவ்வளவு தவிப்புலயும் உக்காந்திருக்குதேன்னு எனக்கு ஒரே பெருமை. எழுந்து போயி, கை நெறைய அள்ளிக் குடுத்தேன். சபாஷ் சபாஷ்னு காதோட சொல்லித் தடவிக் குடுத்தேன். அதுக்குத் தெரிஞ்சிருக்கு. கதவுக்கு வெளிய ஆளு இருக்குன்னு அது எங்கிட்ட சொல்லிட்டே இருந்திருக்கு."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மணி அடிச்சா ஆளு வந்திருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல சிஸ்டர். அப்படி ஒண்ணு இருக்குங்கறதே மறந்துபோச்சு."

மாலையில் மெழுகைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பியபோது கதவுப் பிடியில் அந்தக் காகிதப் பை தொங்கியிருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் கேரட். அமுக்கினால் கீச்சிடும் பொம்மை, நாய்க்கு. கடையில் பாப்பாவே பொறுக்கி எடுத்ததாம். செருப்பு அலமாரி மேல் கைபேசியைப் பார்த்தால் மகளின் தவறிய அழைப்புகள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கூப்பிட்டிருக்கிறாள். இந்தப் பக்கம், அவளுக்கு ஒரு முழ தூரத்தில், கைபேசி சத்தமில்லாமல் ஒளிர்ந்து அணைந்திருக்கிறது.

உடனே மகளைக் கூப்பிட்டிருக்கிறார். ரயில் ஏறிவிட்டிருந்தாள்.

"மூணு தடவ அடிச்சோம்ப்பா. உள்ள ஒரு சத்தமும் இல்ல. மெழுகு குரைச்சிருந்தா நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிருக்கும். குரைக்கவே இல்லையா, சரி, அதையும் கூட்டிட்டு எங்கயோ வெளிய போயிட்டீங்கன்னு நெனச்சுட்டோம்," என்றாளாம். "பாப்பா பாவம்ப்பா. குரைக்கும், குரைச்சா நான் பயப்பட மாட்டேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. கதவுல காத வச்சுக் கேட்டுட்டு, தாத்தா வீட்டுல யாருமே இல்லம்மான்னு சொல்லிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் பையின் வாயை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஆமாம்மா, வெளியதான் போயிருந்தோம்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் ரொம்பக் கஷ்டம். டாக்டரம்மா மேல் தப்பில்லை, மகள் மேல் தப்பில்லை, நாய் மேல் நிச்சயமாக இல்லை. சொல்லிவிட்டு வந்தால் என்னவாம் என்று அந்தப் பெண்ணைக் கொஞ்சம் திட்டிப் பார்த்தேன். மனசு ஒட்டவில்லை. அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்ற நம்பிக்கையில்தானே அவள் சொல்லாமல் வந்தாள்?

"ஒரு உதவி வேணும் சிஸ்டர்," என்றார். மனுஷன் என்னிடம் உதவி என்று வாய் திறந்ததும் அதுதான் முதல் தடவை. "மேல வந்து எங்க வீட்டு மணிய அடிக்கணும்."

பணிக்குக் கிளம்ப நேரமாகிக்கொண்டிருந்தது. போனேன். மெழுகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அவர் உள்ளே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கத்திலேயே, வெளியே நின்றார்.

"அடிங்க."

அடித்தேன். உள்ளே குருவி கத்தி ஓய்ந்தது. நகங்கள் தரையில் உரசுகிற மெல்லிய சத்தம், அதுகூட நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிகிறது, மேஜையில் ஆறிப்போன காபி இருக்கிறது, துடைத்து வைத்த சின்ன நாற்காலி இருக்கிறது, ஒரு நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால், பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு.

"இவ்வளவு அமைதியாவா இருந்துது," என்றார்.

பிறகு இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அடித்தேன். குழந்தை காதை வைத்திருக்கக்கூடிய உயரத்தில் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதார். நான் தோளில் கை வைத்தேன். வேலையில் எத்தனையோ தோள்களில் வைத்த கைதான், ஆனால் அன்றைக்கு அது என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே கிடந்தது.

அதற்கப்புறம் அவர் மெழுகைக் குரைக்கப் பழக்கவில்லை. நான் கேட்டபோது, "அது நான் சொன்னதச் சரியாத்தான் செஞ்சுது. பழகாதது நான்," என்றார். அலாரங்களையெல்லாம் அழித்துவிட்டார். கைபேசி இப்போது சட்டைப்பையிலேயே இருக்கிறது, அழைப்பு ஒலியோடு. மகள் அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறாள். ரப்பர் கேரட்டை இன்னும் மெழுகிடம் கொடுக்கவில்லை. பாப்பா வந்து தன் கையால் கொடுக்கட்டும் என்று சின்ன நாற்காலியின் மேல் வைத்திருக்கிறார்.

மேல் வீட்டுக் குருவி இப்போதெல்லாம் கத்துவதே இல்லை. பகலில் நான் நன்றாகத் தூங்கலாம். தூக்கம்தான் வருவதில்லை. அதனால் விடுப்பு நாள் என்று இல்லாமல், பணிக்குக் கிளம்பும் முன் தினமும் ஒருதடவை மணி அடிக்க மேலே போகிறேன். அடிக்க விட்டால்தானே? படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளே நகங்கள் விரிப்புக்கு ஓடும், நான் பொத்தானில் விரல் வைப்பதற்குள் கதவு திறந்துவிடும். கதவைத் திறந்தவரின் பார்வை முதலில் என் முகத்துக்கு வராது. என் இடுப்பு உயரத்தில், ஒரு குழந்தை நிற்கக்கூடிய இடத்தில் போய் நிற்கும். அப்புறம்தான் நிமிர்ந்து, "வாங்க சிஸ்டர், வாங்க," என்பார்.